ஐந்தாம் மாத ஸ்கேனில் சந்தேகம் என்று வந்தால்: இன்னொரு ஸ்கேனா, ரத்தமா, ஊசியா?

ஐந்தாம் மாத ஸ்கேன் அறிக்கை பெரும்பாலும் இரண்டு பக்கம் இருக்கும். தலைச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம், பனிக்குட நீர், நஞ்சுக்கொடி ஒட்டியிருக்கும் இடம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘இயல்பு’ என்று போட்டுக்கொண்டே வந்து, கையெழுத்துக்கு மேலே தடித்த எழுத்தில் ஒரு வரி நிற்கும்: குழந்தையின் இதயத்தில் வெண்புள்ளி தெரிகிறது, மேற்கொண்டு பரிசோதித்துக்கொள்ளவும். அன்று சாயங்காலம் முதல் வீட்டில் ஆளுக்கொரு யோசனை. சேலம் போய் இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொல்வார் ஒருவர். ஓசூரில் வேலை பார்க்கும் மாமா, பெங்களூரில் ஊசி போட்டுப் பனிக்குட நீரை எடுத்துப் பார்த்துவிடுவார்கள் என்பார். லேப்காரர் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துக்கொள்வதாகச் சொல்வார். ‘எங்கள் காலத்தில் யார் ஸ்கேன் எடுத்தார்கள்? ஏழு பெற்றேன், ஏழும் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று பாட்டி பேச்சை முடித்துவைப்பார்.

இன்னொரு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, பனிக்குட நீர்ப் பரிசோதனை, எதுவும் செய்யாமல் இருப்பது. உண்மையில் இருக்கும் வழிகளும் இந்த நான்குதான். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடும்பங்களை மனத்தில் வைத்து இவற்றை எடை போட்டுப் பார்க்கிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானவர்களுக்கு முதல் அடி, தேர்ந்த மருத்துவர் ஒருவர் பார்க்கும் விரிவான இரண்டாவது ஸ்கேன். எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக ரத்தத்தில் தொடங்குவது வரிசையைத் தலைகீழாக்குவது. ஐந்தாம் மாதத்தில் அப்படிச் செலவழிக்க வாரங்கள் கையில் இருப்பதில்லை.

பார்த்தது என்ன?

எந்த வழி என்பதற்கு முன்னால், அறிக்கையில் எழுதியிருப்பது எந்த வகைச் சந்தேகம் என்று பார்க்க வேண்டும். ‘சாஃப்ட் மார்க்கர்’ என்று மருத்துவர்கள் சொல்வது ஒரு வகை. இவை குறைபாடுகள் அல்ல; குரோமோசோம் கோளாறு உள்ள குழந்தைகளிடம் கொஞ்சம் அதிகமாகத் தென்படுவதால் குறித்துவைக்கப்படும் அடையாளங்கள். இதயத்தின் வெண்புள்ளி இவற்றில் மிகச் சாதாரணமானது. இதயத் தசையில் சிறிது சுண்ணாம்புச் சத்து படிந்திருப்பதால் அந்த இடம் திரையில் எலும்பைப் போலப் பளிச்சென்று தெரிகிறது. இதயம் வேலை செய்வதை அது பாதிப்பதில்லை. ஆரோக்கியமான குழந்தைகளிலேயே நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேரிடம் காணப்படுகிறது. ஆசியத் தாய்மாரின் குழந்தைகளிடம் இன்னும் அதிகம். அது ஒன்று மட்டும் தெரிந்து, மூன்றாம் மாதப் பரிசோதனைகளும் நன்றாக இருந்தால், டவுன் நோய்க்குறிக்கான (21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும், அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் நிலை) வாய்ப்பை அது ஏறக்குறைய உயர்த்துவதே இல்லை.

மூளையில் தெரியும் சிறு நீர்க்கட்டியும் (கோராய்டு பிளெக்ஸஸ் நீர்க்கட்டி) இதே ரகம். நூறில் ஒன்றிரண்டு குழந்தைகளிடம் இருக்கும். கடைசி மூன்று மாதங்களுக்குள் பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும். சிறுநீரகக் குழி லேசாக விரிந்திருப்பது, அதாவது ஐந்தாம் மாதத்தில் 4 மில்லிமீட்டரைத் தாண்டுவது, குரோமோசோமைவிடச் சிறுநீரகத்தைப் பற்றிய செய்தி. அதற்கு 32-ஆம் வாரத்தில் மறு ஸ்கேன் வேண்டும்.

இன்னொரு வகை அப்படியல்ல. பிடரித் தோல் மடிப்பு 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் தடித்திருப்பது, மூக்கெலும்பு தெரியாமலிருப்பது, மூளையின் நீர் அறை 10 மில்லிமீட்டரைத் தொடுவது. இவையும் நல்லபடியாக முடியக்கூடும்தான். ஆனால் வெண்புள்ளியோடு இவற்றை ஒரே தட்டில் வைக்க முடியாது. இதயத்தின் அறைகளுக்கு இடையில் துளை, வயிற்றுச் சுவரில் இடைவெளி, முதுகெலும்பு மூடாமலிருப்பது போன்றவை வந்தால் அது மூன்றாவது வகை: உறுப்புக் குறைபாடு. அங்கே அடையாளத்தைப் பற்றிய பேச்சே இல்லை, குழந்தையின் உடலைப் பற்றிய பேச்சுதான்.

மூன்று வகைக்கும் அறிக்கையின் கடைசி வரி ஒன்றுபோலவே இருக்கிறது என்பதுதான் சிக்கல். மேற்கொண்டு பரிசோதிக்கவும் என்று எழுதிவிட்டால் ஸ்கேன் மையத்தின் பொறுப்பு முடிந்தது. அதில் எத்தனை அவசரம், எத்தனை சம்பிரதாயம் என்பதை நாமே கேட்டால்தான் தெரியும்.

வாரக் கணக்கு

ஸ்கேன் 20-ஆம் வாரத்தில் எடுக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் முடிவு கைக்கு வர ஒன்றரை வாரம் ஓடிவிடும். அதில் சந்தேகம் உறுதிப்பட்டால், பனிக்குட நீரை எடுத்துப் பார்க்காமல் எதையும் முடிவு செய்ய முடியாது. மருத்துவரைப் பிடித்து, நாள் வாங்கி, நீர் எடுப்பதற்குள் 22 தாண்டிவிடும். அந்த நீரிலுள்ள செல்களை வளர்த்துக் குரோமோசோம்களை எண்ணும் முழு அறிக்கைக்கு இரண்டு மூன்று வாரம். ஆக 25.

இந்தியச் சட்டம் 24 வாரத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறது. 2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். கருவில் கடுமையான குறைபாட்டுக்கு வாய்ப்பு இருப்பது போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். அதைத் தாண்டினால், கணிசமான குறைபாடு என்று மாநில மருத்துவக் குழு கண்டறிந்தால் மட்டுமே வழி உண்டு. சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான்; எல்லை தாண்டிப் பெங்களூர் போவதால் வாரம் கூடிவிடாது.

எல்லோருக்கும் இந்தக் கோடு பொருட்டல்ல. குழந்தை எப்படி இருந்தாலும் பெற்றுக்கொள்வோம், முன்கூட்டியே தெரிந்தால் பிரசவத்தைப் பெரிய மருத்துவமனையில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அவசரம் குறைவு. பனிக்குட நீர்ப் பரிசோதனையைக் கூடப் பிறகு செய்துகொள்ளலாம். எனவே கணவனும் மனைவியும் பரிசோதனையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, கெட்ட செய்தி வந்தால் என்ன செய்வோம் என்று தங்களுக்குள் பேசிக்கொள்வது நல்லது. மாமியார், மாமனார், நாத்தனார் யாரும் அந்த அறையில் வேண்டாம். நாத்தனாராக இருந்துகொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

சும்மா இருப்பது

பாட்டியின் வழி பிழையானதல்ல. அவர் சொன்ன காரணம்தான் பிழை. மூன்றாம் மாதத்தில் என்.டி. ஸ்கேனும் (கருவின் பிடரியில் சேரும் நீரை அளப்பது) டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும் (தாயின் ரத்தத்தில் இரண்டு பொருள்களின் அளவைப் பார்ப்பது) செய்து ‘குறைந்த ஆபத்து’ என்று வந்திருக்கிறது, ஐந்தாம் மாதத்தில் ஒரே ஒரு வெண்புள்ளி, வேறு எதுவும் இல்லை என்றால், மேற்கொண்டு எதுவும் செய்யாமலிருப்பது முழு மருத்துவ நியாயம் உள்ள முடிவு. அந்த இரண்டும் சேர்ந்து டவுன் நோய்க்குறி உள்ள கருக்களில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை பிடித்துவிடும். அப்படிச் சலித்த பிறகு ஒரு புள்ளிக்காக மறுபடியும் பணத்தையும் தூக்கத்தையும் இழக்க வேண்டியதில்லை. குழந்தைக்குத் தனியாக இதய எக்கோ எடுப்பதும் இந்த ஒரு புள்ளிக்காகத் தேவைப்படுவதில்லை.

ஆனால் நம் பக்கத்தில் எத்தனை பேர் மூன்றாம் மாதத்தில் அந்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்கிறார்கள்? 11 முதல் 13 வாரம் 6 நாள் வரை என்ற குறுகிய ஜன்னல் அது. பென்னாகரம், தேன்கனிக்கோட்டை மலைக் கிராமங்களில் கர்ப்பத்தைப் பதிவு செய்யவே நான்காம் மாதம் ஆகிவிடுவதுண்டு. பழைய முடிவு கையில் இல்லாமல் வெண்புள்ளி மட்டும் வந்தால், சும்மா இருப்பது கொஞ்சம் பலவீனமான வழியாகிவிடுகிறது. அப்போதும் அது தடை செய்யப்பட்ட வழி அல்ல. 25 வயதுத் தாய்க்கு டவுன் நோய்க்குறியுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு சுமார் 1,250-இல் ஒன்று; 35 வயதில் ஏறக்குறைய 350-இல் ஒன்று; 40 வயதில் நூறில் ஒன்று. தன் எண் எது என்று தெரிந்துகொண்டு சும்மா இருப்பவரை யாரும் அலட்சியக்காரர் என்று சொல்ல முடியாது.

இன்னொரு ஸ்கேன்

முதல் ஸ்கேன் எடுத்தவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. காலையில் முப்பது நாற்பது பேர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் மையத்தில், குழந்தை முதுகைக் காட்டிப் படுத்திருந்தால் தெரிந்ததை எழுதத்தான் முடியும். கருநிலை மருத்துவத்தில் தனிப் பயிற்சி பெற்றவர் செய்யும் விரிவான ஸ்கேனில் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. முதல் அறிக்கையில் சொன்னது உண்மையா என்பது தெரிகிறது. அதைவிட முக்கியம், அது தனியாக இருக்கிறதா, துணையோடு இருக்கிறதா என்பது. மேலே சொன்ன எல்லாக் கணக்கும் இந்த ஒன்றில்தான் திரும்புகிறது. ரத்தப் பரிசோதனையால் இதற்குப் பதில் சொல்லவே முடியாது.

என் தம்பி மனைவிக்கும் இப்படியொரு சந்தேகம் வந்து, அவளோடு நான் போயிருந்த இடத்தில் மருத்துவர் கருவியை வயிற்றில் ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் திரையையே பார்த்தார். பிறகு, ‘குழந்தை குப்புறப் படுத்திருக்கிறது அம்மா. ஏதாவது சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள்’ என்று எழுப்பிவிட்டார். வாசலில் தள்ளுவண்டிக் கடையில் இரண்டு இட்லியும் ஒரு மாம்பழச் சாறும் ஆனது. திரும்பிப் போனபோது குழந்தை புரண்டிருந்தது. இதயத்தின் நான்கு அறைகளையும், அதிலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய குழாய்கள் ஒன்றையொன்று குறுக்காகத் தாண்டுவதையும், மூக்கெலும்பையும், பிடரி மடிப்பையும் ஒவ்வொன்றாக எங்களுக்கும் காட்டினார். இந்தப் பொறுமைக்குத்தான் காசு.

ஸ்கேன் அதிகம் எடுத்தால் குழந்தைக்கு ஆகாது என்ற பயம் இங்கே பரவலாக உண்டு. இது எக்ஸ்ரே அல்ல, ஒலி அலை. மருத்துவக் காரணத்துக்காக இரண்டாவது முறை எடுப்பதில் கெடுதல் எதுவும் கண்டறியப்படவில்லை.

இன்னொரு பயமும் உண்டு, அது நம் மாவட்டத்துக்கே உரியது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கி, 2001-இல் தருமபுரிக்கும் நீட்டிக்கப்பட்டது ஏன் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கையடக்கக் கருவியோடு வீட்டில் வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லும் கும்பல்கள் இந்தப் பகுதியில் பிடிபட்ட செய்திகளை இன்றும் நாளிதழில் படிக்கிறோம். அதனால், ஐந்தாம் மாதத்தில் இரண்டாவது ஸ்கேன் என்றாலே கிராம சுகாதார செவிலியர் கேள்வி கேட்பாரோ, சட்டச் சிக்கல் வருமோ என்று நேர்மையான குடும்பங்களும் தயங்குகின்றன. தயங்க வேண்டாம். முதல் அறிக்கையையும் மகப்பேறு மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு பதிவு பெற்ற மையத்துக்குப் போனால், அவர்கள் படிவம் எஃப்-ஐ நிரப்பிப் பதிவு செய்துகொள்வார்கள். கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடை செய்யும் 1994-ஆம் ஆண்டுச் சட்டமே அனுமதிக்கும் பரிசோதனை இது. பதிவுச் சான்றிதழ் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் படுக்கவே கூடாது. செவிலியரிடம் நாமே போய் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அவரும் நம் பக்கம்தான் நிற்பார்.

எங்கே போவது? தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியையும் முதலில் கேட்டுவிடலாம். அங்கே செலவு கிடையாது, தேவைப்பட்டால் மேல் மருத்துவமனைக்கு எழுதியும் தருவார்கள். தனியாரிடம் போவதானால் தருமபுரிக்காரர்களுக்குச் சேலம், கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் பெங்களூர். தூரத்தை மட்டும் பார்க்க வேண்டாம். சேலத்துக்கு 65 கிலோமீட்டர்தான் என்றாலும் தொப்பூர்க் கணவாயில் லாரி கவிழ்ந்தால் அன்றைய நாள் முடிந்தது. தருமபுரியிலிருந்து பெங்களூருக்கு ஓசூர் வழியாக ரயில் உண்டு. கர்ப்பிணிக்கு அது பஸ்ஸைவிட நல்லது. கிருஷ்ணகிரி நகரத்துக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை. மறு ஸ்கேன், ரத்தம், ஊசி மூன்றையும் ஒரே இடத்தில் செய்பவரிடம் போனால் அலைச்சலும் மிச்சம், வாரமும் மிச்சம். ஊரைவிட இதைத்தான் பார்க்க வேண்டும்.

ரத்தம்

என்.ஐ.பி.டி. என்னும் இந்தப் பரிசோதனை உண்மையிலேயே நல்லது. தாயின் ரத்தத்தில் மிதக்கும் நஞ்சுக்கொடியின் டி.என்.ஏ. துணுக்குகளை எண்ணி, 21, 18, 13 ஆகிய குரோமோசோம்கள் கூடுதலாக இருக்கின்றனவா என்று சொல்கிறது. பத்தாம் வாரம் முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், கருவுக்கு ஆபத்தே கிடையாது. டவுன் நோய்க்குறியில் நூற்றுக்கு 99 பிடிபடும். செலவு பெரும்பாலும் ஐந்திலக்கத்தில் இருக்கும்.

என் கோபம் பரிசோதனையின் மேல் இல்லை, அதை விற்கும் விதத்தின் மேல். ‘99 சதவீதம் துல்லியம்’ என்று துண்டுப் பிரசுரம் சொல்கிறது. அதைக் கேட்கும் குடும்பம், ‘ஆபத்து அதிகம்’ என்று வந்தால் குழந்தைக்கு 99 சதவீதம் நோய் என்று எடுத்துக்கொள்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 வயதுள்ள 10,000 கர்ப்பிணிகளில் பாதிக்கப்பட்ட கரு சுமார் எட்டு. எட்டையும் பரிசோதனை பிடித்துவிடுகிறது. ஆயிரத்தில் ஒருவருக்குத் தவறாக ஆபத்து என்று காட்டினால் அது பத்துப் பேர். ஆக ஆபத்து என்று வந்த பதினெட்டுப் பேரில் பத்துப் பேருடைய குழந்தை நன்றாக இருக்கிறது! வயது கூடக்கூட இந்தக் கணக்கு மாறும்; 40 வயதுத் தாய்க்கு வரும் ‘ஆபத்து அதிகம்’ பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். எப்படியானாலும் இது சல்லடை, தீர்ப்பு அல்ல. இதை மட்டும் வைத்துக் கர்ப்பத்தைக் கலைக்க முடிவெடுப்பது பெருங்கொடுமை.

நல்ல முடிவு வந்தாலும் அது எதை விட்டுவிடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இதயத்தில் துளை இருந்தால் இது சொல்லாது. இங்கே இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்தில் கொடுத்து வாங்குவது இன்றும் சாதாரணம். உறவுத் திருமணத்தால் கூடும் ஆபத்து குரோமோசோம் எண்ணிக்கையில் இல்லை. இருவரிடமும் ஒளிந்திருக்கும் ஒரே பழுதான மரபணு குழந்தையிடம் இரட்டையாகச் சேர்வதில் இருக்கிறது. சாதாரணத் தம்பதிக்கு நூறில் இரண்டு மூன்று என்றால், அத்தை, மாமன் பிள்ளைகளுக்குள் மணந்தவர்களுக்குப் பிறவிக் குறைபாட்டின் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. அக்காள் மகளைக் கட்டியவர்களுக்கு இன்னும் நெருங்கிய ரத்தம். இந்த வகை நோய்களை வழக்கமான என்.ஐ.பி.டி. பார்ப்பதே இல்லை. ‘சொந்தத்தில் கல்யாணம் என்பதால் இந்த ரத்தப் பரிசோதனை கட்டாயம்’ என்று யாராவது சொன்னால், சொல்பவருக்கே விஷயம் தெரியவில்லை என்று பொருள். குடும்பத்தில் ஏற்கெனவே காது கேளாத குழந்தை, தசை பலவீனம், காரணம் தெரியாமல் இறந்த சிசு என்று இருந்தால் மரபியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது வேறு பாதை.

அப்படியானால் ரத்தம் யாருக்கு? மூன்றாம் மாதப் பரிசோதனை செய்யாதவர், விரிவான ஸ்கேனில் ஒன்றிரண்டு சாஃப்ட் மார்க்கர் மட்டும் தெரிந்து உடலில் குறை எதுவும் காணாதவர், ஊசிக்குப் பயப்படுபவர். இவர்களுக்கு இது பொருத்தமான அடுத்த அடி. அவ்வளவு பணம் இல்லையென்றால் குவாட்ருபிள் பரிசோதனை (தாயின் ரத்தத்தில் நான்கு பொருள்களின் அளவைப் பார்ப்பது) இருக்கிறது. பிடிக்கும் திறன் குறைவு, தவறான பயமுறுத்தல் நூறில் ஐந்து, ஆனால் செலவு மிகக் குறைவு. 20 வாரத்தைத் தாண்டிவிட்டால் அதை எடுக்க முடியுமா என்பதை மட்டும் லேபில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஊசி

அம்னியோ என்றதும் குடும்பம் நடுங்குகிறது. ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் வயிற்றின் வழியாகச் சுமார் 20 மில்லி பனிக்குட நீரை எடுப்பதுதான் அது. சில நிமிட வேலை. 15 வாரம் முடிந்த பிறகு செய்வார்கள். கரு கலையும் ஆபத்து இருக்கிறது, ஆனால் பழகிய கையில் அது அரை சதவீதத்துக்கும் குறைவு. தாய்க்கு ரத்த வகை நெகட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி (தாயின் உடல் குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் திரும்பாமல் தடுப்பது) போட வேண்டும்; இதை மருத்துவர் சொல்லாவிட்டால் நாம் நினைவுபடுத்த வேண்டும்.

வெறும் வெண்புள்ளிக்கு இது அதிகப்படி. ஆனால் விரிவான ஸ்கேனில் பிடரி மடிப்பு தடிப்பு, உறுப்புக் குறைபாடு, மூன்று நான்கு அடையாளங்கள் ஒன்றுசேர்ந்து தெரிந்தால், இடையில் ரத்தத்தை நுழைக்காமல் நேராக இதற்குப் போக வேண்டும் என்பது என் திடமான எண்ணம். இரண்டு காரணம். ஒன்று, மேலே போட்ட வாரக் கணக்கு. மற்றொன்று, இந்த நீரில் குரோமோசோமின் எண்ணிக்கையைத் தவிர மற்றவற்றையும் பார்க்கலாம். உறுப்புக் குறைபாடு இருந்து குரோமோசோம் எண்ணிக்கை சரியாக இருக்கும் கருக்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறில், மைக்ரோஅரே என்னும் நுண்பரிசோதனை ஏதோ ஒரு முக்கியமான மாற்றத்தைக் காட்டுகிறது. சொந்தத்தில் மணந்தவர்களுக்கு, தேவைப்பட்டால் மரபணுப் பரிசோதனைக்கும் இதே நீர்தான் மூலப்பொருள்.

நீரைக் கொடுக்கும்போதே விரைவுச் சோதனையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 21, 18, 13 பற்றி மட்டும் அது சில நாட்களில் சொல்லிவிடும். முழு அறிக்கை பின்னால் வரும். படிவம் ஜி-யில் கையெழுத்து வாங்குவார்கள். ஒப்புதல் தாய்க்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், ஒரு நகலை அவரிடம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆங்கிலத் தாளை நீட்டி ‘இங்கே போடுங்கள்’ என்றால் தமிழில் கேளுங்கள். அறிக்கையில் குழந்தையின் பாலினம் இருக்காது, கேட்கவும் கூடாது. கேட்பவருக்கும் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

எங்கள் வீட்டில்

தம்பி மனைவி எனக்கு மாமன் மகள். ஆக உறவுத் திருமணம். 26 வயது. மூன்றாம் மாதம் முழுக்க வாந்தியில் தாய்வீட்டில் கிடந்ததால் டபுள் மார்க்கர் எடுக்கவில்லை. முதல் அறிக்கையில் வெண்புள்ளியும், இடது சிறுநீரகக் குழி லேசான விரிவும் இருந்தன. தம்பி உடனே ரத்தத்துக்குச் சொல்லிவிட்டான், லேப்காரர் மறுநாள் காலை வருவதாக இருந்தது. ‘அண்ணி, ரத்தத்தில் நல்லது என்று வந்துவிட்டால் சிறுநீரகமும் சரியாகிவிடும் அல்லவா?’ என்று அவள் என்னைக் கேட்டாள். இரண்டுக்கும் தொடர்பில்லை என்பது அதுவரை அவளிடம் யாருமே சொல்லவில்லை. லேப்காரரை நிறுத்திவிட்டு ஸ்கேனுக்குப் போனோம்.

அங்கே வெண்புள்ளியும் சிறுநீரக விரிவும் உறுதியாயின. இதயம் உள்ளிட்ட மற்றதெல்லாம் ஒழுங்காக இருந்தது. அடையாளம் இரண்டு, பழைய பரிசோதனை இல்லை என்பதால் ரத்தம் எடுத்துக்கொள்ளலாம் என்றார் மருத்துவர். ஊசி தேவையில்லை என்றும் சொன்னார். அன்றைக்கே அங்கேயே கொடுத்தோம். குறைந்த ஆபத்து என்று வந்தது. ரத்தம் கடைசியில் எடுத்துத்தானே ஆனது, முதலிலேயே எடுத்திருந்தால் என்ன என்று தம்பி இன்றும் வாதாடுகிறான். ஸ்கேனில் இதயத்தில் துளை தெரிந்திருந்தால் அந்தப் பணமும் ஒன்றரை வாரமும் வீண் என்பதுதான் என் பதில். அவனுக்கு அது இன்னும் பிடிபடவில்லை.

மீதி இருப்பது சிறுநீரகம். 32-ஆம் வாரத்தில் ஸ்கேன். அப்போது குழி 7 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் அந்தக் கவலையை அத்தோடு விட்டுவிடலாம். அதற்கு மேல் இருந்தால் குழந்தை பிறந்த பிறகு வயிற்று ஸ்கேன் தேவைப்படும். பிறந்த முதல் இரண்டு நாளில் குழந்தையின் உடலில் நீர் குறைவாக இருப்பதால் விரிவு தெரியாமல் போகக்கூடும். எனவே விரிவு மிகக் கடுமையாக இல்லாவிட்டால் 48 மணி நேரம் கழித்து எடுப்பதே சரி. பிரசவ வார்டில் ‘நாளைக்கே வீட்டுக்குப் போகலாம், அதற்கு முன் ஸ்கேனை முடித்துவிடுங்கள்’ என்று யாராவது அவசரப்படுத்தினால், ஒரு வாரம் கழித்து வருகிறோம் என்று தேதியை எழுதி வாங்கிக்கொண்டு வருவதாகத் தீர்மானித்திருக்கிறோம்.